வீல்சேர் கடையின் உரிமையாளர்

லிஃப்ட் கம்பெனியில் பதினாறு வருஷம் மோட்டார் பார்த்தவர் என்பதால், கம்பெனியை மூடிய பிறகும் அக்கம்பக்கத்தார் அவரை லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். வேலை இல்லாதவர்கள் தொழில் தொடங்க அரசாங்கம் பயிற்சியும் கருவிகளும் கொடுக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, ஃபேன் ரிப்பேர் கடை வைக்கும் யோசனையோடு அந்த அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது மாடி. அங்கே லிஃப்ட் ஓடவில்லை. கதவைப் பார்த்ததுமே கோளாறு எதுவென்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. யாரும் கேட்கவில்லை, படியேறினார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா அவருடைய பதிவு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை போய் எட்டு மாசம்தானே ஆகுது? ஒரு வருஷம் சும்மா இருந்திருக்கணும் சார்."

"அப்போ இன்னும் நாலு மாசம் சும்மா இருந்துட்டு வரட்டுங்களா?"

"அதுக்குள்ள திட்டமே முடிஞ்சிரும். வீட்டுல வேற யாராவது பதிஞ்சிருக்காங்களா?"

மனைவி பதிந்திருந்தாள். நடக்க முடியாமல் போன தன் அப்பாவைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள துணிக்கடை வேலையை விட்டவள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் வேறு வேலை அமையவில்லை. அப்படித்தான் விண்ணப்பத்தில் அவள் பெயர் ஏறியது. நேர்காணலுக்காக ஃபேனின் காயில், கண்டென்சர், பேரிங் என்று இரண்டு நாள் அவளுக்குப் பாடம் நடத்தினார். அவள் தலையாட்டிக்கொண்டே துணி மடித்தாள்.

நேர்காணல் அன்று அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அரைமணி கழித்து வந்தாள்.

"கண்டென்சர் பத்திக் கேட்டாங்களா?"

"இல்லைங்க. வீல்சேர் ரிப்பேர்னு சொல்லிட்டேன்."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தெருவுக்கு மூணு ஃபேன் கடை இருக்கே, நீங்க எதுக்குன்னு கேட்டாங்க. அப்பா வீல்சேர்ல முன்சக்கரம் சிக்கிக்கிட்டு, ரெண்டு வருஷம் இழுத்துத் தள்ளினேனே, அதைச் சொன்னேன். சரிபண்ண ஆளே கிடைக்கலன்னேன். எல்லாரும் எழுதிக்கிட்டாங்க."

"வீட்டுலயே நான் இருந்தேனேம்மா. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னீங்க."



அனுமதி வந்தது. உரிமையாளர் என்ற கட்டத்தில் அவள் பெயர், பணியாளர் என்ற கட்டத்தில் அவர் பெயர். பத்து நாள் பயிற்சிக்கு அவள் போனாள். அவர் வீட்டில் சமைத்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஒரு கதவு மட்டும் உள்ள அறையில் கடை திறந்தார்கள். முதலில் வந்த நாற்காலியிலும் முன்சக்கரம்தான் சிக்கியிருந்தது. அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக் கிடந்தன. குறடால் இழுத்துப்போட்டு எண்ணெய் விட்டார். பத்து நிமிஷ வேலை. அவள் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அவளோ வந்தவரிடம் மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்தே வாரத்துக்கு ஐந்தாறு நாற்காலிகள் வருகின்றன. போன வாரம் அவர் கேட்டார்: "நாளைக்கு ஒரு நாள் நான் வரலைன்னா பரவாயில்லையா?"

"நாலு வண்டி நிக்குதுங்க. வியாழக்கிழமை எடுத்துக்கங்க."

பேசியது பெண்டாட்டியா, முதலாளியா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த நாற்காலியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.