கய்யூம் பாய் ப்ராசஸர் தேடிய கதை

சைதாப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து பிழைக்கும் அப்துல் கய்யூம் பாய்க்கு ஒரு ப்ராசஸர் வாங்கிக் கொடுப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இழுத்தடிக்கும் ஆட்கள் எனக்குப் புதிதல்ல. பாய் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டார்.

பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோனதும், பாகங்களை வாங்கி வீட்டிலேயே புதிதாக ஒன்று பூட்டுவதென்று முடிவு. அவர் கேட்டது நியாயம்தான். விலை குறைவாக வேண்டும், கரண்டும் கம்மியாக இழுக்க வேண்டும்; வீட்டு ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாகக் கறக்கிற ஆள். முப்பத்தைந்து வாட்டில் ஓடும் ஒன்றை அன்றைக்கே எடுத்துக் காட்டினேன்.

"ரெஹானை ஒரு வார்த்த கேட்டுக்குறேன் விக்டரு" என்றார்.

ரெஹான் அவருடைய மகன், கனடாவில் வேலை. அம்மா சகினா இறந்த அன்று, "நான் வர்ற வரைக்கும் வைங்க அத்தா" என்று போனில் கெஞ்சினான். மையத்தை, அதாவது இறந்த உடலை, காக்க வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, பாய் அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார். மகன் வந்து பார்த்தது மண்ணைத்தான். அதோடு பேச்சு நின்றது. எத்தனையோ மெசேஜ் போட்டும் பதில் சொல்லாதவன், ப்ராசஸர் பற்றிக் கேட்டதும் சொன்னான்.

பிறகென்ன, தினம் ஒரு சந்தேகத்தோடு பாய் கடைக்கு வருவார். எனக்கு எரிச்சலாகிவிட்டது.

"இன்னா பாய், பொண்ணா பாக்குறீங்க? வாங்கினு போங்க."

அவர் போனை என் காதில் வைத்தார். 'அத்தா, இது கொஞ்சம் பழசு. ஆனா உங்க வேலைக்குப் போதும்' என்றது மகன் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்.

"'அத்தா'ன்னு கூப்புடுறான் பாரு. வாங்கிட்டா அப்புறம் இன்னாத்த கேப்பேன் நானு?"

அதன்பிறகு நானே சந்தேகம் எடுத்துக் கொடுத்தேன். சூடு ஏறுமா கேளுங்க, பழைய ராம் சேருமா கேளுங்க என்று.

ரெஹானுக்குச் சலித்துப்போயிருக்க வேண்டும். ஒரு நாள் அதே முப்பத்தைந்து வாட் ப்ராசஸரும் மற்ற சாமான்களும் பார்சலில் பாய் வீட்டுக்கு வந்து இறங்கின. 'எல்லாம் அனுப்பிட்டேன். இனி டவுட் இருந்தா விக்டர் அண்ணனையே கேட்டுக்குங்க' என்று கூடவே ஒரு மெசேஜ்.

போய்ப் பூட்டிக் கொடுத்தேன். முதல் அழுத்திலேயே ஓடியது. பாய் அதைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் எமோஜி வந்தது. வேறு ஏதாவது வருமா என்று வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்போ ரிப்பேராவும் விக்டரு?" என்றார்.

தொழில் புத்தி, வாய் முந்திக்கொண்டது. "நல்ல சாமான் பாய். பத்து வருசத்துக்கு நீங்க யாரையும் கேக்க வேணாம்."

"பத்து வருசமா?" என்றவர், கீபோர்டு மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.