ஆயில் முள்ளும் கோயில் மாலையும்

போன வாரம் காரைக்குடியில் ஒரு கல்யாணம். பெண் ரெடி, மாப்பிள்ளை ரெடி, மேளம் ரெடி. கோயில் மாலை மட்டும் வரவில்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களுடைய கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். வந்தால்தான் தாலி ஏறும். இந்த வீட்டுக்கு இளையாத்தங்குடிக் கோயில். அங்கிருந்து மாலையோடு கிளம்பிய கார் குன்றக்குடிப் பக்கம் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை!

கல்யாண வீட்டில் காருக்கா பஞ்சம்? தெரு முழுக்க நின்றன. ஒன்றை வெளியே எடுக்க மற்ற அத்தனையையும் நகர்த்த வேண்டும். பெண்ணின் அப்பா என் பழைய சிநேகிதர். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“நான் போறேன்” என்று பைக் சாவியை எடுத்தேன்.

என் பைக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு அதுதான் வீடு. ஒருமுறை ஒடிசாவில் ஆயில் வற்றி என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. டீக்கடையில் கிளாஸ் கழுவித்தான் ரிப்பேர் பார்த்தேன். அதில் ஒன்றும் கஷ்டமில்லை. பயம்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பயத்தில், போன மாதம் ஹேண்டில்பாரில் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றை மாட்டினேன். என்ஜினிலிருந்து அதற்கு ஒரு சின்ன டியூப். வண்டி சூடாகி சிக்னலில் நின்றால் முள் இறங்கும். சூட்டில் ஆயில் இளகும், பம்ப் மெதுவாகச் சுற்றும்... இறங்கத்தானே செய்யும்? தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா? முள் ஏறுவதற்காக, நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை முறுக்குவேன். பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற ஒரு அம்மா, “இந்த வயசுல இது தேவையா?” என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வைத்தியம் செய்தேன். பிரஷர் மிஞ்சினால் திறந்து விடுகிற வால்வு ஒன்று உண்டு. அதன் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைத் திணித்தேன். கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றினேன். முள் ஜிவ்வென்று ஏறியது!

பஞ்சரான கார் அருகே பெண்ணின் தாய்மாமன் வைரவன் அண்ணன் நின்றார். பட்டு வேட்டி, கையில் தாம்பாளம், அதில் மாலை.

“இது போய்ச் சேருமா?”

“ஏறுங்கண்ணே. முள்ளைப் பாருங்க, எப்படி நிக்குது!”

“நான் என்னத்துக்கு முள்ளைப் பாக்கணும்? நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுவீகளா, மாட்டீகளா?”

முறுக்கினேன். கொஞ்ச தூரம்தான். ‘பட்’டென்று ஒரு சத்தம். முள் சைபரில் விழுந்தது. மீட்டருக்குப் போன டியூப் பிரஷர் தாங்காமல் பிய்த்துக்கொண்டு, சூடான ஆயில் என் சட்டையை நனைத்து, பின்னால் பட்டு வேட்டியையும் நனைத்தது. கையில் கொஞ்சம் சுட்டது — அதை விடுங்கள். என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணன் தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். மாலையில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

“இப்ப ஒங்க முள்ளு என்ன சொல்லுது?” என்றார்.

வாட்ச்சைப் பார்த்தேன். மணி ஒன்பது. முகூர்த்தம் ஒன்பதரை.

அப்போதுதான் பின்னால் டவுன் பஸ் வந்தது. அது ஸ்டாப் இல்லை. அண்ணன் கையைக்கூடக் காட்டவில்லை, தாம்பாளத்தைக் காட்டினார். பஸ் நின்றுவிட்டது.

“கோயில் மாலையா? ஏறுங்கண்ணே!” என்ற கண்டக்டர் உள்ளே திரும்பிக் கத்தினார். “எல்லாரும் அங்குட்டுத் தள்ளுங்கப்பா, மாலை வருது!”

பஸ் போய்விட்டது. நான் வண்டியைத் தள்ளினேன். தள்ளும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். என்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. அதன் ஆயில் ஒழுகியது நான் பயந்து மாட்டிய டியூப் வழியாகத்தான். பிள்ளை படிக்கிறானா என்று நிமிஷத்துக்கொரு தரம் கதவைத் திறந்து பார்த்தால், எந்தப் பிள்ளை படிப்பான்?

வழியில் ஒரு ஒர்க்ஷாப்பில் வாஷரை எடுத்தேன். மீட்டரைக் கழற்றி, அந்த ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்து, பழையபடி ஆயில் ஊற்றினேன். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

நான் போய்ச் சேர்ந்தபோது தாலி ஏறி, பந்தி நடந்துகொண்டிருந்தது. வைரவன் அண்ணன் கறை வேட்டியோடு, பாயசம் வேண்டுமா என்று பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். பஸ் நேராகக் கல்யாண வீட்டுத் தெருமுனைக்கே வந்து நின்றதாம்.

எனக்குப் பக்கத்து இலையில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்த முகமாக இல்லை.

“நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்றேன்.

“நான் பஸ்ஸுங்க” என்றார்.