பேர் எழுதாத மெஷின்

நான்கு வருடங்களுக்கு முன், மழை பொய்த்த வருடம் அது. திருவண்ணாமலையில் நானும் கணவரும் சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தோம். வேர்க்கடலை கருகிப்போனதில், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் துணி எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

நொடித்த சிறுதொழில்களுக்கு அரசு வங்கி கடன் தருகிறது என்று கேள்விப்பட்டு ஓடினோம். துணி வாங்கிப் பாவாடை தைத்து விற்கப் பணம் கேட்டோம்.

"பணமா தர விதி இல்லம்மா. மெஷினாதான் தருவோம்" என்றார் அதிகாரி.

"இருக்கற மெஷினே தூங்குது சார், அதுக்குத் துணைக்கு இன்னொண்ணா?" என்றார் கணவர்.

எனக்கோ, வருவதையும் விட்டுவிடுவோமோ என்று பயம். கையெழுத்துப் போட வைத்தேன். எங்கள் பங்குத் தொகைக்குப் பழைய மெஷினை, புதியதை விற்ற கடைக்காரரிடமே கொடுத்தோம். புதியதன் மேல் வங்கியின் பேரை வெள்ளை பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள்.

எதிர்வீட்டு அக்காவும் மனு கொடுத்திருந்தார். கணவர் இல்லாதவர், கைமெஷினில் தைத்துப் பிழைப்பவர். ஜாமீனுக்கு ஆளில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் என் கைக்குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். நகையெல்லாம் ஏற்கெனவே அடகில். கணவரைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மெஷினின் தலையைக் கழற்றி இடுப்பில் சுமந்து அடகுக்கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் எழுத்தைப் பார்த்ததுமே கையை எடுத்துக்கொண்டார். "இது பேங்க் சொத்தும்மா. வாங்கினா என்னையும் சேத்து உள்ள வெச்சுடுவாங்க."

அழுதுகொண்டே திரும்பிய என்னை அக்கா வழிமறித்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய்த் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னுதுல எவனும் பேர் எழுதல. வாடி போலாம்."

குழந்தை பிழைத்தாள். அடுத்த வருடம் மழை பெய்தது, கடையும் எழுந்தது. அக்காவின் மெஷினைத்தான் முதலில் மீட்டிருக்க வேண்டும். ஆனால் தவணை தவறினால் வங்கி ஜீப் வாசலில் வந்து நின்றுவிடும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினோம். அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. மெஷின் வட்டியில் முழுகிப்போனது. அவர் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டார். விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

வங்கிக்கு ஒரே ஒரு மாதம் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். கடனால் தலைநிமிர்ந்த குடும்பம் என்று வங்கியில் எங்களைக் காட்டுகிறார்கள். எந்தக் கடன் என்று எனக்கல்லவா தெரியும்! ஜீப்பில் வந்து கேட்பவர்களுக்குத் தவணை தவறாமல் கட்டிவிட்டேன். வாய் திறந்து கேட்காதவருக்குத்தான் இன்னும் கட்டவில்லை.