வியாழக்கிழமை அப்டேட்

பெரம்பலூர், திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1995இல். அதிலிருந்து அரியலூர் பிரிந்தது 2001இல். அடுத்த ஆண்டே அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 இறுதியில் மறுபடியும் பிரித்தார்கள். அரியலூரில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறேன். ஒரு முறையும் சாமான்களை ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த மாற்றங்களை மனதார வரவேற்றவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. பெரம்பலூரில் டிடிபி கடை வைத்திருந்த என் நண்பர். மாவட்டம் மாறும்போதெல்லாம் கடைகளும் சங்கங்களும் பள்ளிகளும் அவரிடம் புது லெட்டர்பேடு அடிக்க வந்தன. எது மாறினாலும் நல்லதுக்குத்தான் என்ற முடிவுக்கு அவர் அந்த நாட்களில் வந்திருக்க வேண்டும். பிறகு டிடிபி கடையை பிரவுசிங் சென்டர் ஆக்கினார். வைரஸ் தொல்லை தாங்காமல் எல்லாக் கணினிகளிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார். லினக்ஸில் பல வகை உண்டு. அவர் தேர்ந்தெடுத்தது ஃபெடோரா. அதற்கு ஏறக்குறைய தினமும் ஏதாவது ஒரு அப்டேட் வரும் என்பதுதான் காரணம். காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டியதும், இரவில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பார். ஒன்றும் வராத நாளில் கொஞ்சம் வாடியிருப்பார்.

நான் டெபியன் ஆள். உரக்கடையில் கணக்கு எழுதுபவனுக்கு அதுதான் பொருந்தும் என்று நினைத்தேன். அதில் ஒரு புதிய பதிப்பு வர மூன்று ஆண்டு ஆனது. அந்த மூன்று ஆண்டும் நான் நிம்மதியாக இருந்தேன். வந்த பிறகுதான் கவலை பிடித்தது. அதைப் போடுவதற்கு மேலும் ஓர் ஆண்டு யோசித்தேன்.

பிரவுசிங் சென்டர் கடைக்காரரின் பக்கத்துக் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் மூன்றாவது ஆள். அவர் உபுண்டு. கேட்டால் வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் சிடி அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் அதற்கு மாறினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும். அவரைப் பொறுத்தவரை அப்டேட் என்பது போஸ்ட்மேன் கொண்டுவருவது. எங்களுக்குக் கொடுத்தது போக மீந்த சிடிகளை அவருடைய மச்சான் மக்காச்சோளக் காட்டில் கிளி விரட்டத் தொங்கவிட்டார். நன்றாக வேலை செய்தது என்று கேள்வி.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்கு மேல் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்விடுவேன். மூவரும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாருடைய லினக்ஸ் சரி என்று பேசுவோம். முடிவு எதுவும் எட்டப்பட்டதில்லை.

அதே வெள்ளிக்கிழமைகளில் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வருவார். அவருடைய கணவர் துபாயில் கட்டட வேலை பார்த்தார். குழந்தை பிறக்கும் முன்பே போனவர். அவருக்கு வெள்ளி மட்டும்தான் ஓய்வு. தங்கியிருக்கும் இடத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு கணினிக் கடைக்கு வந்து காத்திருப்பார். குரல் சரியாக வராது. எழுத்தில் பேசிக்கொள்வார்கள், கேமராவில் அவர் குழந்தையைப் பார்ப்பார். கடையில் கேமரா ஒன்றே ஒன்று. லினக்ஸில் அது ஓட ஒரு டிரைவர் நிரல் வேண்டும். அதை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, ஒரு வாரம் போராடி, கடைக்காரரே சேர்த்திருந்தார். அந்தப் பெண்ணுக்காகத்தான் அதைச் செய்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

2006 ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்கு முந்திய வெள்ளி. கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன். அந்தப் பெண் எனக்கு முன்பே வந்திருந்தார். குழந்தைக்குப் புதுக் கவுன். அந்த வாரம்தான் அது நடக்கத் தொடங்கியிருந்தது.

“அவருகிட்ட சொல்லலண்ணே. நேரா காட்டிக்கலாம்னு” என்றார்.

கடைக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து, கேமராவின் வயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

“என்னாச்சு?” என்றேன்.

“நேத்து கெர்னல் அப்டேட் வந்துச்சு. போட்டேன்.”

கெர்னல் என்பது லினக்ஸின் அடித்தளம். பழைய அடித்தளத்துக்கென்று கட்டிய டிரைவர் புதியதில் ஓடவில்லை. புதியதற்கு ஏற்ற டிரைவரை எழுதுகிறவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

“பழைய கெர்னல் உள்ளயே இருக்குமே, அதுல ஏத்துங்க.”

“இடத்தை அடைக்குதுன்னு அழிச்சுட்டேன்.”

“எல்லா மிஷின்லயுமா?”

“ஒண்ணுல போட்டுட்டு ஒண்ணுல போடாம வுட்டா எனக்குத் தூக்கம் வராதுங்க.”

சத்தம் கேட்டுக் காயில் கட்டுபவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். “ஒரு ஆறு மாசம் பொறுத்தா அடுத்த சிடியில எல்லாம் சரியா வந்துரும்” என்றார்.

“ஆறு மாசத்துல அவரே லீவுல வந்துருவாருண்ணே” என்றார் அந்தப் பெண்.

“நாளைக்கே அப்டேட் வந்துரும்மா. இந்தக் கோளாறு இருக்குன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றார் கடைக்காரர்.

“நாளைக்கு அவருக்கு டூட்டி.”

நான் என் பங்குக்கு, டெபியனில் இப்படியெல்லாம் ஆகாது என்றேன்.

“உங்க மிஷின்ல இந்தக் கேமரா ஓடுமா?” என்றார் கடைக்காரர்.

“ஓடாது. அதனால நிக்கவும் நிக்காது.”

அந்தப் பெண் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். “போன வாரம் ஓடுச்சுல்ல? அது எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் குடுங்க. புதுசா எனக்கு ஒண்ணும் வேணாம்.”

வழி அது ஒன்றுதான். சித்திரையில் வாங்கிய ஃபெடோரா சிடிகள் கடையில் இருந்தன. கேமரா இருந்த கணினியில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு, அந்தச் சிடிகளிலிருந்து மறுபடி நிறுவினால் பழைய கெர்னல் வந்துவிடும்; அதன்மேல் டிரைவரைக் கட்டலாம். கடைக்காரர் சிடிகளைக் கையில் எடுத்தார். ஆனால் உள்ளே போட மனம் வரவில்லை.

“இம்புட்டு தூரம் வந்துட்டுப் பின்னாடி போறதாங்க?”

“நம்ம மாவட்டமே ஒரு தடவ பின்னாடி போச்சு” என்றார் காயில் கட்டுபவர். “அப்ப லெட்டர்பேடு அடிச்சுக் காசு வாங்கினீங்கல்ல? போடுங்க.”

போட்டார்.

பக்கத்துக் கணினியில் எழுத்துப் பேச்சு மட்டும் ஓடியது. அந்தப் பெண் அதில் கணவரைப் பிடித்து, கேமராவில் கோளாறு, கொஞ்சம் இருங்க என்று ஒரு விரலால் தட்டினார். இருக்கேன் என்று பதில் வந்தது. நிறுவும் வேலை திரையில் ஊர்ந்தது. ஒரு சிடி முடிந்து அடுத்ததைக் கேட்டது.

இதற்கிடையில் குழந்தை நடந்தது. முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். கதவு வரை போய்க் கண்ணாடியில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. இமெயில் பார்க்க வந்திருந்த கல்லூரிப் பையன்கள் கைதட்டினார்கள். காயில் கட்டுபவர் தன் கடையில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். டீ கொண்டுவந்தவரும் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தெருவில் அன்று அந்தக் குழந்தை நடந்ததைப் பார்க்காதவர்கள் குறைவு.

“சித்த உக்காருடி தங்கம், கால் வலிக்கப் போவுது” என்றார் தாய். குழந்தை கேட்கவில்லை.

என்ன சத்தம் என்று துபாயிலிருந்து கேட்க வழியில்லை. ‘ஆச்சா?’ என்று மட்டும் அவ்வப்போது வந்தது. ‘ஆகுது’ என்று இவர் தட்டினார். நடுவில் ஒருமுறை, கடையில் அடுத்த ஆள் காத்திருக்கிறார், இன்னொரு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருக்கிறேன் என்று வந்தது. அதைப் படித்த கடைக்காரர் அடுத்த சிடியைப் போட்டார்.

கேமராவில் பச்சை விளக்கு எரிந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கடைக்காரர், “வந்துருச்சு, வந்துருச்சு” என்று கத்தினார். “மெதுவாண்ணே” என்றார் அந்தப் பெண். குழந்தை அவர் மடியில் தூங்கிப்போயிருந்தது.

அவர் நாற்காலியை மாற்றி உட்கார்ந்து, கேமராவை மடிப் பக்கம் சாய்த்தார். திரையில் துபாய்ப் படம் கட்டம் கட்டமாகத் தெளிந்தது. சட்டையை இன் பண்ணித் தலை வாரிய ஒருவர் தெரிந்தார்.

“எழுப்பிடலாமா? ரெண்டு நிமிஷம் நடக்க வச்சுக் காட்டிட்டு மறுபடி தூங்க வச்சுக்கலாம்” என்றார் காயில் கட்டுபவர்.

அந்தப் பெண் குழந்தையின் கன்னத்தில் விரல் வைத்தார். நடக்கிறாள் என்பதையும், எழுப்பட்டுமா என்பதையும் சேர்த்துத் தட்டினார். அந்தப் பக்கம் அவர் வெகுநேரம் குனிந்து தட்டுவது தெரிந்தது. வந்தது சின்ன வரிதான்.

‘வேணாம். தூங்கட்டும். பாத்துட்டு இருக்கேன்.’

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கவுன் ஒரு பக்கம் சுருண்டிருந்ததை அந்தப் பெண் இழுத்துவிட்டார். அதைத் தவிரப் படத்தில் எதுவும் அசையவில்லை.

அப்போது திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. சித்திரை மாதத்து ஃபெடோராவுக்கு ஆடி வரை சேர்ந்திருந்த அப்டேட்டுகள் அத்தனையும் தயாராக இருப்பதாக அது தெரிவித்தது. கடைக்காரரின் கை தானாக மவுஸுக்குப் போனது. கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது.

“கைய எடுங்கண்ணே” என்றார் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் எடுத்தார்.