ஜெகதாப்பட்டினத்திலிருந்து மதுரைக்கு, அக்காவின் முதுகோடு

சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு முதுகெலும்பு கோணிவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எப்படி அழைத்துப்போவது?" கோட்டை, குகைக்கோயில் என்று எழுதிக்கொண்டிருக்கும் கிழவனிடம் இதைக் கேட்கிறாரே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் 1963-இல் என் அக்கா செல்லாயியை அந்த வழியில் இரண்டு முறை கூட்டிப்போனவன் நான். ஊர் சுற்றிப் பார்க்கக் குறிப்புத் தேடி வந்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அக்கா என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவள். ஜெகதாப்பட்டினத்தில் மீன் வாங்கிக் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நாற்பதைத் தாண்டியதும் இடுப்புக்கு மேலே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு முன்பக்கமும் குனிந்தது. இரண்டு பர்லாங் நடந்தால் கால் மரத்துப்போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். புதுக்கோட்டையில் பஸ் கம்பெனி குமாஸ்தாவாக இருந்த எனக்கு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் கூச்சம். "கூனிக்கிட்டு வராதக்கா, நாலு பேரு பாக்குறாங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கொஞ்ச நாளில் அவள் நிமிர்ந்துதான் வந்தாள். எப்படி நிமிர்ந்தாள் என்று நான் யோசிக்கவில்லை.

மாசி மாதம் கிளம்பினோம். காலை ஐந்து மணிக்கு ஜெகதாப்பட்டினம், ஆறே முக்காலுக்கு அறந்தாங்கி, எட்டே காலுக்குப் புதுக்கோட்டை. அங்கே இட்லி. எட்டே முக்கால் வண்டியில் திருமயம் வழியாக மதுரை போய்ச் சேர மணி பன்னிரண்டரை. எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூன்று ரூபாய் முப்பது காசு. அது இன்று உங்களுக்கு உதவாது, எழுதிவைப்பது என் பழக்கம். பின் சீட்டில் உட்காராதீர்கள், தூக்கிப் போடும். திருமயத்தில் அக்கா ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கோட்டையை அண்ணாந்து பார்த்தாள். "எவ்வளவு ஒசரம் தம்பி! மறுபடி கூடை தூக்க முடிஞ்சா மேல ஏறியே பாத்துருவேன்" என்றாள்.

மதுரை டாக்டர் தன்மையானவர். இடுப்பு எலும்பிலிருந்து சில்லு எடுத்து முதுகெலும்பு நெடுகப் பதித்தால், கணுக்கள் ஒன்றாக ஒட்டிப்போகும், சாய்வு நிற்கும், வலி குறையும், ஆனால் ஒட்டிய இடம் பிறகு வளையாது என்று பொறுமையாகச் சொன்னார். "கூடை தூக்கலாங்களா?" என்று அக்கா கேட்ட ஒரே கேள்விக்கு, "கனம் இல்லாம, பாக்கலாம்மா" என்றார். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள். அக்காவுக்கு அந்த மிஷினைக் கண்டு பயம், துணைக்கு நானும் உள்ளே போனேன். அவள் துவண்டு நின்றாள். "நிமுந்து நில்லுக்கா, படம் எடுக்குறாங்கல்ல" என்றேன். நின்றாள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் அங்கேயே இருந்தோம். கழுத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. அந்தக் கட்டோடு பஸ் வாசலில் நுழைக்கவே முடியாது. மதுரையில் கருவாடு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லாரியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினோம். "தலைய இங்கிட்டு வைங்கண்ணே, அங்கிட்டு வச்சா பள்ளத்துல இடிக்கும்" என்று டிரைவர் தன் தலையணையையும் கொடுத்தார். ஏழரை மணி நேரப் பயணம் ஒன்பது மணி நேரம் ஆனது. ஆறு மாதம் படுத்த படுக்கை. அந்த வெயிலில் கட்டுக்குள் அரித்ததைச் சொல்லிச் சொல்லி அழுவாள்.

புரட்டாசியில் அதே வழியில் இரண்டாவது பயணம், அதே லாரிக்காரர். கட்டைப் பிரித்து அக்காவை நிற்கவைத்தார்கள். எக்ஸ்ரே அறையில் நின்றது போலவே நிமிர்ந்து நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. டாக்டர் மட்டும் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேலையக் கொஞ்சம் தூக்கும்மா" என்றார். முட்டி இரண்டும் மடங்கியிருந்தன.

"காலை நீட்டி நில்லும்மா."

நீட்டினாள். அவள் முகம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்துவிட்டது.

"போன தடவை படம் எடுத்தப்பவும் முட்டியை மடக்கித்தான் நின்னியா?"

"ஆமாங்கய்யா. அப்பத்தான் நிமுந்த மாதிரி தெரியும். தம்பி நிமுந்து நிக்கச் சொன்னுச்சு."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தப் படத்தப் பாத்துத்தான் எவ்வளவு நிமித்தி ஒட்டணும்னு முடிவு பண்ணினேன். முட்டி மடங்கினதால கூனல் கம்மியாத் தெரிஞ்சுச்சு, நானும் கம்மியாத்தான் நிமித்தினேன். சேலைய விலக்கி நானும் பாத்திருக்கணும்." திரும்ப உடைத்து ஒட்ட முடியுமா என்று கேட்டேன். இவள் உடம்பு தாங்காது என்றார்.

கட்டு இல்லாததால் பஸ்ஸிலேயே திரும்பினோம். "திருமயம் வந்தா சொல்லு தம்பி" என்றாள். சொன்னேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் வெறுங்கூடையைத் தலையில் வைத்துப் பார்த்தாள். சும்மாடோடு சரிந்து முன்னால் விழுந்தது. இன்னும் இரண்டு முறை வைத்தாள். அப்புறம் வைக்கவில்லை. அதன் பிறகு பதினோரு வருடம் இருந்தாள். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கேட்ட வாசகருக்கு: இப்போது ரோடு நன்றாக இருக்கிறது, காரில் கூட்டிப்போங்கள், மணிக்கு ஒரு தரம் நிறுத்தி நடக்க விடுங்கள். வைத்தியமும் நான் கண்ட காலத்து வைத்தியம் இல்லை, எல்லாவற்றையும் டாக்டரிடம் கேளுங்கள். களைத்துப்போன சாயங்காலத்தில் அம்மா எப்படி நிற்கிறார் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது முட்டி தெரியட்டும். அப்புறம், தம்பி, அந்த நேரத்தில் தயவுசெய்து நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள்.