ஞானசௌந்தரியின் எழுத்தாளர் நிதி

திரேஸ்புரத்தில் கருவாட்டுக் கிடங்கு வைத்திருந்த ஞானசௌந்தரிக்குக் கதை என்றால் உயிர். கன்னியர் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, கொழும்புக்குக் கருவாடு அனுப்பும் தொழிலைத் தானே பார்த்துக்கொண்டாள். மத்தியானக் கஞ்சி முடிந்ததும், வேலை செய்யும் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்கப் படிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தாம் வருஷம் அப்படிப் படிக்கும்போது ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. பட்டினியில் செத்துப்போன எழுத்தாளர் ஒருவரின் குடும்பத்துக்கு உதவி கேட்டிருந்தார்கள். அவளுக்கு அன்று மனசு ஆறவில்லை. மறுநாள் டவுன் வாசகசாலைச் செயலாளர் தாணுலிங்கத்தைத் தேடிப் போனாள்.

“அண்ணாச்சி, செத்த பொறவு குடுத்து என்னத்துக்கு? எழுதுத பிள்ளை ஒண்ணுக்கு ஒரு வருஷம் நான் சோறு போடுதேன். வயிறு காயாம எழுதட்டும். சொல்லிக்குடுக்கப் பெரியவர் ஒருத்தரையும் நீங்களே பாருங்க.”

தாணுலிங்கம் ஒரு குழு அமைத்தார். இரண்டு கதைகள் அச்சில் வந்திருந்த சங்கரபாண்டியன் என்ற இளைஞனைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் முப்பது ரூபாய், தங்க ஓர் அறை. வழிகாட்டப் பாளையங்கோட்டையிலிருந்து தமிழாசிரியர் ஒருவர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துபோனார். அன்று வாசகசாலைக்காரர்கள் முன்னால் சங்கரபாண்டியன் தன் கதையை வாசித்துக் காட்டுவான். அவருக்கு வண்டிக்கூலியும் மத்தியான விருந்தும் ஞானசௌந்தரியின் செலவு.

பத்து மாதம் அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பதினோராவது மாதம், ஒரு தடவை காதால் கேட்டுவிட்டு வரலாமே என்று ஆசை வந்தது. முதல் ஞாயிறு மாதாகோயில் பூசை முடிந்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் போனாள். எழுந்து வரவேற்ற தாணுலிங்கம், “இங்கன காத்து வரும்” என்று மற்றவர்களை விட்டுத் தள்ளி, சன்னல் ஓரம் நாற்காலி போட்டார். கையோடு இரண்டு ஊதுபத்தியையும் கொளுத்தி வைத்தார். எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. உட்கார்ந்தாள்.

சங்கரபாண்டியன் அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. குனிந்தபடி வாசித்துக்கொண்டிருந்தான். கதையில் ஒரு மீன்காரி. பருத்த உடம்பு, எண்ணெய் மினுங்கும் கை. எழுத்தாளன் ஒருவனுக்குச் சோறு போட்டுவிட்டு ஊரெல்லாம் பெருமையடிக்கிறாள். அவள் உட்கார்ந்து சாளை மீனின் வயிற்றைக் கீறி உப்புத் திணிக்கும் இடம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள்.

“அவ பின்னாலேயே ஈயும் போகுதுன்னு ஒரு வரி சேத்துக்கோ” என்றார் தமிழாசிரியர். தாணுலிங்கம் தொண்டையைக் கனைத்தார். அப்போதுதான் சங்கரபாண்டியன் நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

ஞானசௌந்தரி மெதுவாகத்தான் பேசினாள். “தம்பி, சாளைய யாரும் கீற மாட்டாக. அது சின்ன மீனு. முழுசா உப்புப் போட்டுக் காயவைப்போம். கீறுதது பாறை, சீலா மாதிரிப் பெரிய மீனத்தான். உப்பு அள்ளுத கையில எண்ணெய் மினுங்காது.” வெடித்துக் கிடந்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். “என்னைய எப்பிடி வேணும்னாலும் எழுது. பதினோரு மாசம் தின்னுட்டு, ஒருநா கிடங்குப் பக்கம் வந்து பாக்கணும்னு தோணலயே ஒனக்கு.”

சங்கரபாண்டியன் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தான். “அம்மா, தப்பா நெனைச்சிராதீங்க. நாளைக்கே மாத்திடுதேன். அந்தப் பொம்பளைய அன்னபூரணி மாதிரி, தெய்வத்தாயா மாத்தி எழுதிடுதேன்.”

அவளுக்கு அருவருப்புத் தட்டியது இதைக் கேட்டபோதுதான். சிரித்ததைக்கூடப் பொறுத்திருப்பாள். ஒரு வாய்ச் சோற்றுக்காக மீன்காரியைத் தெய்வமாக்கத் துணிந்தவன், நாளை வேறொருவன் கூடக் கொடுத்தால் அவளைப் பேயாக்கவும் தயங்கமாட்டான். படியிறங்கி நடந்தாள்.

கொடுத்த வாக்குக்காகப் பன்னிரண்டாவது மாதமும் பணம் போயிற்று. அடுத்த வருஷத்துக்குக் கேட்டு வந்த தாணுலிங்கத்திடம், “குடுப்பேன். ஒங்க கையில இல்ல” என்றாள்.

நாற்பத்தேழில், நூல் ஆலைப் பெண்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த சண்முகவடிவு என்ற நகராட்சிப் பள்ளி ஆசிரியைக்கு அந்த உதவி போயிற்று. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு எழுதினாள். பிழைதிருத்தக் கன்னியர் பள்ளி பிளாரன்ஸ் டீச்சரை ஏற்பாடு செய்தாள் ஞானசௌந்தரி. கதையைத் தானே உட்கார்ந்து படித்தாள். நம்ப முடியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். மூன்றாவது மாதம் சண்முகவடிவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கதைன்னா கொஞ்சம் கூட்டித்தான் எழுதணும்க்கா.”

“கூட்டு. பாத்துட்டுக் கூட்டு.”

சண்முகவடிவு ஒரு வாரம் வரவில்லை. பிறகு ஆலை வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் நான்கு நாள் நின்றுவிட்டு, அந்தக் கதையை முதலிலிருந்து எழுதிக்கொண்டு வந்தாள். ஏழு கதைகள் சேர்ந்து புத்தகம் வந்தது. சமர்ப்பணத்தில் தன் பெயர் வேண்டாம் என்று ஞானசௌந்தரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சங்கரபாண்டியனிடம் அன்று பிடித்த அருவருப்பில், பாராட்டு வார்த்தை எதைக் கேட்டாலும் எழுந்து போய்விடுவாள்.

நாற்பத்தொன்பதில் வாசகசாலை ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்க அவளைக் கூப்பிட்டார்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லியனுப்பினாள். அந்த வாரம் கொழும்புக்குத் தோணி எதுவும் போகவில்லை.