பச்சை பெயிண்ட் அடித்த போல்ட்

அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மெக்கானிக்குக் 'கல்லுளிமங்கன்' என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மணி என்ன என்று கேட்டால்கூட "எதுக்கு?" என்பார் அந்த மனுஷன். சாப்பிடும்போது டிபன் டப்பா மூடியைப் பாதிதான் திறப்பார். அவரோடு சேர்ந்து வேலை பார்ப்பது எலக்ட்ரீஷியன் பெண்ணின் தலையெழுத்து.

பழைய லிஃப்ட் அடிக்கடி நடுவழியில் நின்றுவிடும். மேலே மோட்டார் ரூமில் கரண்ட்டை நிறுத்தி, பிரேக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினால் பக்கத்துத் தளத்துக்கு வந்து நிற்கும். இது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் இழுத்தால் அந்தக் கம்பி அசையாது. வாட்ச்மேன் தம் கட்டி இழுத்தாலும் அசையாது. கல்லுளிமங்கன் வருவார், எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார், கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் இறங்கிவிடும்.

"என்னண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டால், "எல்லாம் கைராசிம்மா" என்று ஓர் இளிப்பு. அந்த இளிப்பைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். மேனேஜரோ அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அன்று அவர் தன் மனைவியையே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு இளைப்பு நோய். மூச்சு விட முடியாமல் திணறினார். சக்கர நாற்காலியோடு லிஃப்டில் ஏற்றி, அவரும் ஏறிக்கொண்டார். பாதி வழியில் நின்றது லிஃப்ட்.

எலக்ட்ரீஷியன் வாட்ச்மேனையும் இழுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினாள். கம்பி வழக்கம்போல அசையவில்லை. இன்டர்காமை எடுத்தாள்.

"அண்ணே, கம்பி வரமாட்டேங்குது. என்ன செய்யணும், சொல்லுங்க!"

"நீ எதையும் தொடாத. நான் வந்து பாத்துக்கறேன்."

"எங்கேர்ந்து வருவீங்க? உள்ள மாட்டிக்கிட்டதே நீங்கதானே!"

அந்த அம்மா இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"அண்ணி திணறுறது எனக்கே கேக்குது. வாயைத் திறங்கண்ணே!"

"கம்பெனிக்கு போன் போடு. ஆள் அனுப்புவாங்க."

அடப்பாவி! கட்டினவள் உயிர் பக்கத்தில் ஊசலாடுது, இப்பவுமா? அப்போது அந்த அம்மாவின் குரல் வந்தது.

"தங்கச்சி... கம்பிக்கு அடியில... ஒரு போல்ட். அதுதான் தடுக்குது. இவரே மாட்டினது... பச்சை பெயிண்ட் அடிச்சிருக்காரு. வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு..."

கையை விட்டுத் துழாவினாள். மெஷினுக்கு அடித்த அதே பச்சை. கைராசியாம், கைராசி! ஸ்பேனரால் அதைக் கழற்றினாள். வாட்ச்மேன் கைக்குக் கம்பி சும்மா வந்தது. அவள் சக்கரத்தைச் சுற்றினாள்.

கிரீஸ் கையோடு அவள் இறங்கி வந்தபோது, நர்சுகள் அந்த அம்மாவுக்கு ஆக்சிஜன் மாட்டி வார்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது. கல்லுளிமங்கன் லிஃப்ட் வாசலிலேயே நின்றிருந்தார்.

"உன்னை யாருடி வாயைத் திறக்கச் சொன்னா?" என்று மனைவியின் முதுகைப் பார்த்துக் கத்தினார். அப்புறம் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"அந்த போல்ட்டை இங்க குடு."

சீ, என்ன ஜென்மம்! அவள் போல்ட்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நடந்தாள்.